வயதான பூனையின் வாந்திக்கு எண்ணெயும் பட்டினியும் மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் வளர்ப்புப் பிராணிகள் பகுதியில், தன் 12 வயதுப் பூனை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாந்தி எடுக்கிறது, என்ன செய்யலாம் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும், நக்கி விழுங்கிய முடியை வெளியே தள்ளுகிறது, ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயை வாயில் ஊற்றுங்கள், ஒரு நாள் பட்டினி போடுங்கள், சரியாகிவிடும் என்று பதில் வந்திருந்தது. அந்த அம்மா அதை நம்பி எண்ணெய்க் கிண்ணத்தோடு பூனையைத் துரத்திக்கொண்டிருப்பாரோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கால்நடை மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் என் வீட்டில் 14 வயதுப் பூனை ஒன்று இருக்கிறது. கறுப்பு உடம்பு, வெள்ளை நெஞ்சு. அதனால் வக்கீல் என்று பெயர். இந்த வக்கீலின் வாந்திக்குக் காரணம் தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நான் சொல்லும் மருத்துவ விவரங்களை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டே வெளியிடுங்கள். அந்தப் பதிலையும் அப்படிக் காட்டியிருக்கலாம்.

முதலில் அந்த எண்ணெய். பிடிக்காத பூனையை அமுக்கி வாயில் எண்ணெய் ஊற்றினால் அது இரைப்பைக்குப் போகும் என்பது என்ன நிச்சயம்? மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டு நிமோனியா வரும். பட்டினி அதைவிட மோசம். நாய்க்கு ஒரு வேளை சோறு நிறுத்துவதுபோல் பூனைக்கு நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதுவும் கொழுத்த பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைந்து, கண்ணும் ஈறும் மஞ்சளாகி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஏற்கெனவே வாந்தி எடுத்து இளைத்த கிழப் பூனையை இதில் தள்ளிவிடுவானேன்?

முடி விஷயத்துக்கு வருகிறேன். எப்போதாவது ஒருமுறை விரல் நீளத்துக்கு முடி உருண்டையைக் கக்கினால் துடைத்துவிட்டுப் போகலாம். வாரா வாரம் வாந்தி என்றால், அதில் நாலு முடி இருந்தாலும் பழியை முடிமேல் போடக் கூடாது. குடல் சரியாக வேலை செய்தால் விழுங்கிய முடி பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். போகவில்லை என்றால் குடலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் வக்கீலிடம் ஏமாற்றும் அடையாளம் ஒன்று இருந்தது. நோய் வந்தால் சாப்பாடு குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதற்கோ பசி கூடியது. மீன்கார அம்மாவின் குரல் தெருமுனையில் கேட்டதுமே வாசற்படியில் போய் நிற்கும். அவசர அவசரமாகத் தின்னும். கொஞ்ச நேரத்தில் தின்றதெல்லாம் தரையில். ராத்திரி இரண்டு மணிக்கு முற்றத்தில் நின்றுகொண்டு யாரையோ கூப்பிடுவதுபோல் கத்தும். முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டியது. பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, நல்லாத்தானே சாப்பிடுது? வயசாச்சுல்ல, நமக்கே சதை வத்திப்போகுது" என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பரிசோதனைக் கூடத்தில் இருந்தவளுக்கு அளந்து பார்க்காமல் எதுவும் நிச்சயமாகாது.

எடை பார்க்கும் மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை நின்று கழித்துப் பார்த்தேன். முன்பு தடுப்பூசிச் சீட்டில் 4.2 கிலோ என்று குறித்திருந்த பூனை 3.4 கிலோ இருந்தது. 800 கிராம்தானே என்று தோன்றும். 60 கிலோ ஆள் பதினொரு கிலோவுக்கு மேல் இளைத்தால் சும்மா இருப்போமா? கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே வாந்தி எடுத்த நாளில் 'வா' என்று எழுதி, சாப்பிட்டதும் வந்ததா, வெறும் வயிற்றில் மஞ்சள் நீராக வந்ததா, நுரையா என்றும் குறித்தேன். என் பேரன் செல்போனில் படமும் எடுத்து வைத்தான். அது எவ்வளவு உதவி என்பது மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்துமா உள்ள பூனை கழுத்தை நீட்டிக்கொண்டு இருமுவதைப் பலர் வாந்தி என்று நினைத்துக் கூட்டி வருகிறார்களாம்.

மருத்துவர் சின்ன வயதுக்காரர். தொண்டையை இரண்டு விரலால் மெதுவாக நீவிப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துப் பாருங்கம்மா என்றார். தையல் மெஷின் ஓடுவதுபோல் துடித்தது. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயாக இருக்கலாம் என்றும், சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுவோம் என்றும் சொல்லி ரத்தம் எடுத்தார். பத்து வயது தாண்டிய பூனைகளுக்கு இந்தத் தைராய்டு நோய் வருவது சகஜம். கழுத்தில் உள்ள சுரப்பி வீங்கி, பெரும்பாலும் புற்று இல்லாத கட்டியாகி, ஹார்மோனைக் கொட்டுகிறது. பூனை தின்றுகொண்டே இளைக்கும், வாந்தி எடுக்கும், ஓரிடத்தில் நிலைகொள்ளாது. பூனைகளிடம் இந்த நோயை மருத்துவர்கள் அடையாளம் கண்டு எழுதியதே 1979 வாக்கில்தான். அதற்கு முன் எத்தனை பூனைகளுக்கு 'வயசாச்சு' என்று சொல்லி விட்டார்களோ!

அடுத்து நடந்ததுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியம். எங்கள் ஊர்களில் பல இடங்களில் பூனை, நாய் ரத்தமும் மனிதர்களுக்கான தனியார் லேபுக்குத்தான் போகிறது. வக்கீலின் ரத்தமும் அப்படித்தான் போனது. தைராய்டு ஹார்மோனான டி4 அளவு 8.1 என்று வந்தது. பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சடித்திருந்தார்கள். மனிதர்களுக்கு ஏறக்குறைய 5 முதல் 12 வரை இருக்கலாம் என்பதால் கம்ப்யூட்டர் தானாகப் போட்ட நார்மல் அது. பூனைக்கு மேல் எல்லையே சுமார் 4 தான். வக்கீலுக்கு இருந்தது அதைப் போல இரண்டு மடங்கு! அதே தாளில் கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும்) 1.3 என்பதைத் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று காட்டியிருந்தார்கள். பூனைக்கு 1.6 வரை பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அளவு ஏறிய இடத்தில் நார்மல், ஏறாத இடத்தில் அதிகம். மருத்துவர் விவரமானவர் என்பதால் தப்பித்தோம். இந்தத் தாளை வீட்டுக்காரர்கள் மட்டும் படித்தால் என்ன ஆகும்? சர்க்கரையும் அப்படித்தான். பிடித்து அமுக்கி ஊசி போடும் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை அளவு ஏறிவிடும். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு நீரிழிவு என்று சொல்லிவிட முடியாது.

லேப் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: விலங்கு ரத்தத்தை வாங்கினால் அந்த விலங்கின் அளவை அச்சடியுங்கள். தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

சிகிச்சை என்னவென்றால், மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே கார்பிமசோல் மாத்திரைதான். அளவை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடுவார்கள். அந்த மாத்திரையே சில பூனைகளுக்கு வாந்தியைக் கொண்டுவரும், முகத்தைப் பிறாண்ட வைக்கும், ரத்த அணுக்களைக் குறைக்கும். அதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தபடிதான் கொடுக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. தைராய்டு அதிகமாக இருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் வேகமாகப் பாய்வதால், பழுதான சிறுநீரகம்கூட நல்லது போலத் தெரியும். சதை கரைந்த உடம்பில் கிரியாட்டினினும் குறைவாகவே காட்டும். தைராய்டை அடக்கியதும் குட்டு வெளிப்படும். வக்கீலுக்கு 1.3 ஆக இருந்தது 1.9 ஆனது. மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். உள்ளே இருந்த பழுதுதான் வெளியே தெரிகிறது என்று விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த இரண்டு நோயிலும் அது ஏறும், திடீரென்று கண் தெரியாமலும் போகலாம்.

எல்லா வாந்திக்கும் தைராய்டுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் அதிகம் குடித்து, மூத்திரம் அதிகம் போனால் சிறுநீரக நோயாகவோ சர்க்கரையாகவோ இருக்கலாம். ரத்தத்தில் ஒன்றும் பிடிபடாமல் இளைத்துக்கொண்டே போனால் குடல் அழற்சியோ, மெதுவாக வளரும் குடல் புற்றோ இருக்கலாம். ஸ்கேன், சில நேரம் சதைப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும். அந்தப் புற்றுக்கும் மாத்திரை உண்டு, மாத்திரையோடு இரண்டு வருஷம்போல் நன்றாக இருக்கும் பூனைகள் உண்டு. கணையம், குடற்புழு, மலச்சிக்கல் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். தலையிலிருந்து கழற்றிப் போட்ட பூச்சரத்தின் நூல். பூனை அதோடு விளையாடி விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலைச் சுருக்குப்பை மாதிரி இழுத்து அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். வாழைநாரில் கட்டிய பூவானாலும் எட்டாத இடத்தில் போடுங்கள்.

இன்னொன்று, வயிற்று வலியாக இருக்கும், காய்ச்சலாக இருக்கும் என்று பாரசிட்டமால் உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் சக்தி கிடையாது. ஒரே ஒரு மாத்திரை போதும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகி, மூச்சுத் திணறிச் செத்துவிடும். தயவுசெய்து இதை மட்டுமாவது பெட்டி கட்டிப் போடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கருவாடு, வெங்காயம் பூண்டு போட்ட மீன் குழம்புச் சோறு, பால் இவற்றை நிறுத்தினேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. இதைச் சொன்னால்தான் ஊரே என்னோடு சண்டைக்கு வருகிறது. மருத்துவர் சொன்ன உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக, அகலத் தட்டில் பரப்பி, பல வேளையாக வைக்கிறேன். பரப்பி வைத்தால் அள்ளி விழுங்க முடியாது. வாந்தி அடியோடு நிற்கவில்லை. காலண்டரில் 'வா' குறைந்திருக்கிறது, எடை 3.8 வரை ஏறியிருக்கிறது. 14 வயதுக்கு இது போதும்.

இது காசு பிடிக்கும் வேலை என்பதை மறைக்க மாட்டேன். எங்கள் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்கும் கல்லூரி உண்டு. ஊர் மருத்துவரால் முடியாததற்கு அங்கே போகலாம். மற்றபடி கால்நடை மருத்துவமனைகளில் பூனைக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். குரைக்கும் நாய்களுக்கு நடுவே கூடைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பூனையின் நாடித்துடிப்பை எண்ணி என்ன முடிவுக்கு வர முடியும்?

உங்கள் பகுதிக்கு எழுதிய அந்த அம்மா இதைப் படித்தால், பூனையின் எடையைக் குறித்துக்கொண்டு, இந்த வாரமே சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தம் பார்க்கட்டும். நடுவில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ வாரக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம்.

திருத்தம் போடுவதாக இருந்தால் முதல் பக்கத்தில் கேட்கவில்லை. அந்தப் பதில் வந்த அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தஞ்சாவூர்.