சீனிவாஸை எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள முருகேசா,

நலம், நலமறிய ஆவல். இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இந்தப் பருவத்தில் சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் பாடம் உன் தலையில் விழுந்திருக்கிறது என்று சரோஜா சொன்னாள். பாவம் பிள்ளைகள்!

'1916இல் மைசூரில் பிறந்தார்' என்று மட்டும் தொடங்காதே, கடைசி பெஞ்சு படுத்துவிடும். அதற்காக அவர் படித்த கதையை விட்டுவிடவும் கூடாது. பம்பாயில் சமூகவியல் பேராசிரியர் கூர்யேவிடம் இருந்தபோது குடகு மக்களான குடகர்களைப் பற்றித் திரட்டிய தரவுகளைத்தான் ஆக்ஸ்போர்டுக்கு எடுத்துப்போனார். அங்கே மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் கேள்வியை மாற்றிவிட்டார்: இந்தச் சடங்கு எந்த உறவைக் கட்டிக்காக்கிறது? அப்படிப் பிறந்ததுதான் 1952இல் வந்த குடகர் நூல். சமஸ்கிருதமயமாக்கம், அதாவது கீழே உள்ள சாதி மேல்சாதியின் சடங்கையும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறப் பார்ப்பது, பேச்சுக்கு வந்ததும் அதிலிருந்துதான்.

எனக்குக் கவலையே அந்தச் சொல்தான். 'கீழ்ச்சாதி பிராமணரைப் பார்த்து நடப்பது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எல்லா ஊரிலும் பிராமணரே முன்மாதிரி அல்ல. அங்கே நிலமும் செல்வாக்கும் உள்ள சாதி எதுவோ அதுவும் முன்மாதிரியாகும். பெரும்பாலும் கையில் காசு வந்த பிறகுதான் பூணூலும் சைவமும் வரும். அப்போதும் ஒரு சாதியின் இடம்தான் மாறும், அடுக்கு அப்படியே நிற்கும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாவிட்டால் பாடம் நடத்தியே பயனில்லை.

அதனால் ஆதிக்கச் சாதியை, அதாவது ஆள்பலம், நிலம், செல்வாக்கு கொண்டு ஊரை நடத்தும் சாதியை, முதலில் எடு. 1948இல் அவர் களப்பணி செய்த, மைசூர்ப் பக்கத்துக் கிராமமான ராம்புராவில் சடங்கில் மேலே இருந்தவர்கள் பிராமணர்கள். ஊரை நடத்தியவர்கள் உழவுச் சாதியான ஒக்கலிகர்கள். தலைக்கட்டு (சாதிவாரி எண்ணிக்கை), நிலம், சடங்குத் தகுதி, படிப்பும் உத்தியோகமும் என்று நான்கு பத்தி கொண்ட அட்டவணை போட்டு, ஆளுக்கொரு ஊரை நிரப்பச் சொல். முதல் பத்தியிலேயே உதைக்கும். 1931க்குப் பிறகு எல்லாச் சாதிக்கும் கணக்கெடுப்பு எண் வெளிவரவில்லை என்பதால் குத்துமதிப்பாக எழுதுவார்கள். தெருத்தெருவாக வீட்டை எண்ணச் சொல். நிலத்துக்குச் சிட்டா மட்டும் போதாது. பட்டா ஒருவர் பேரில் இருக்கும், உழுவது வேறொருவராக இருக்கும். பஞ்சாயத்து யார் திண்ணையில் கூடுகிறது என்பதையும் கேட்டு வரட்டும். பிறகு அவர் மாணவர் ஆந்த்ரே பெத்தேயின் தஞ்சாவூர் ஆய்வைக் கொடு. சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்த நிலை அங்கே எப்படிக் கலைந்தது என்பது அப்போதுதான் உறைக்கும்.

குறிப்பேட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல். 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில், சீனிவாஸ் வருஷக்கணக்கில் வகைப்படுத்தி வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் ஒரே அறையில் கருகின. 1976இல் வந்த ராம்புரா நூலை முக்கியமாக நினைவை நம்பித்தான் எழுத வேண்டியிருந்தது. அவருக்கு அந்த நினைவு இருந்தது. உனக்குப் போன வாரத்து டீக்கடைப் பாக்கியே நினைவில் நிற்காது. அன்றன்றைய குறிப்பை அன்றிரவே எழுதி, நகலை வேறோர் இடத்தில் வைக்கப் பழக்கு.

வினாத்தாள் உன் கையில் என்றால் 'வரையறு' என்று கேட்டுத் தொலைக்காதே. ஓர் ஊரின் விவரத்தைக் கொடுத்து, எது ஆதிக்கச் சாதி, ஏன் என்று கேள். திருத்த நேரமாகும் என்று துரை சண்டைக்கு வருவான், வரட்டும்.

அன்புடன்,
செல்வம்