‘திருகோணமலை’யைக் காணாத தேடற்கட்டளை

ஆசிரியருக்கு,

லினக்ஸ் இயங்குதளத்தில் கோப்புகளைத் தேடும் ‘ஃபைண்ட்’ கட்டளையில் ‘திருகோணமலை’ என்று தேடினால், கோப்பு இருந்தும் சிலவேளை அகப்படாது. ‘கோ’வின் உயிர்க்குறியை, எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் யுனிகோட்டில் ஒரே குறியீடாகவும் (3 பைட்), இரட்டைக் கொம்பு, அரவு என இரண்டாகவும் (6 பைட்) எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ஃபைண்டுக்கு வேறு வேறு. மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை வட்டில் பெயர்கள் பிரிந்தே பதிவாகும்.

இப்போதைக்கு, ‘*திருக*ணமலை*’ என மேற்கோளுக்குள் தேடலாம். நட்சத்திரக்குறி எத்தனை குறியீடுகளையும் பிடிக்கும். நடுவே அதற்குப் பதில் கேள்விக்குறி போதாது. அது ஒரு குறியீட்டையே பிடிக்கும். (முடிவைப் பார்க்காமல், அகப்பட்டதை அழிக்கும் ‘டிலீட்’ சேர்க்க வேண்டாம்!)

ஃபைண்ட் காட்டும் பெயர்களை ‘நல்’ (பூச்சிய பைட்) குறியால் பிரிக்கும் ‘பிரின்ட்0’ தெரிவுகூட, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் சேரவே 2024 ஆயிற்று. கேட்காமல் எதுவும் வராது. இரு வடிவப் பெயர்களிலும் மாதிரிக் கோப்புகள் உருவாக்கி, இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுமாறு கேட்டு, ஃபைண்டைப் பராமரிக்கும் குனு ஃபைண்ட்யூட்டில்ஸ் குழுவுக்கு நம் கணினி மாணவர்கள் வழு அறிக்கை அனுப்பலாமே.

வாசகர்கள்,
உப்புவெளி, திருகோணமலை