தேதி குப்பைக்கு, மாவு டப்பாவுக்கு

பெறுநர்:
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவுப் பொருளில் காலாவதி தேதியை அச்சிடுவது பற்றி நீங்கள் போட்டிருக்கும் விதிகளில் எனக்கு ஒரு குறை உண்டு. விதி மோசம் என்று சொல்ல வரவில்லை. வாங்கிய பொருள் தீரும் வரை வாங்கிய பாக்கெட்டிலேயே இருக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அடுக்களைகளில் அது நடப்பதில்லை.

2020-ல் வந்த உங்கள் லேபிள் விதிகளின்படி தயாரித்த அல்லது பாக்கெட் போட்ட தேதியும் காலாவதி தேதியும் கட்டாயம். முன்பெல்லாம் ‘பாக்கெட் போட்டதிலிருந்து ஒன்பது மாதம்’ என்று எழுதிவிட்டு, விரல்விட்டு எண்ணும் வேலையை நம் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த வகையில் நல்ல மாற்றம்தான். ஆனால் மளிகைப் பை வீட்டுக்கு வந்ததும் நாங்கள் செய்யும் முதல் காரியம் என்ன? கத்தரிக்கோலை எடுத்து மேல் ஓரத்தை வெட்டி, டப்பாவில் கொட்டி, பாக்கெட்டைக் குப்பையில் போடுவது. ரவை, மைதா, கடலை மாவு, சேமியா, மிளகாய்த்தூள் எல்லாமே இப்படித்தான். எறும்பும் வண்டும் மழைக்கால ஈரமும் உள்ள ஊரில் பிரித்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் சுற்றி எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? அப்படியே வைத்தாலும், பல பாக்கெட்டுகளில் தேதி அச்சாகியிருப்பது அந்த மேல் ஓரத்து ஒட்டில்தான். கத்தரிக்கோலுக்கு முதலில் பலியாவது அதுதான்.

போன போகிக்கு என் நாத்தனார் வீட்டு அடுக்களையை ஒழுங்கு பண்ணப் போயிருந்தேன். மேல் தட்டில் வரிசையாக டப்பாக்கள். ஒன்றில் வெள்ளை மாவு. மைதாவா, அரிசி மாவா, சோள மாவா? கிள்ளி எடுத்து விரலிடுக்கில் அழுத்தியதும் நறநறவென்றது. சரி, சோள மாவு. எப்போது வாங்கியது என்று கேட்டேன். “பய கோபி மஞ்சூரியன் கேட்டான்ல மதினி, அப்ப வாங்குனது” என்றாள். அந்தப் பயல் இப்போது வேலைக்குப் போகிறான். அடுத்த டப்பாவில் கடலை மாவு. மூடியைத் தூக்கினால் மாவு நூல்கட்டி, அதிலேயே கொத்தாகத் தொங்கியது. சிக்கு வாடை தனி. பேக்கிங் பவுடரை ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்கிற வெந்நீரில் போட்டேன். பொங்க வேண்டும். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. கேக் எழும்பவில்லை என்று இத்தனை காலமும் அவள் திட்டிக்கொண்டிருந்தது பாவம், ஓவனை.

அவள் சோம்பேறி இல்லை. முழு அரிசியும் பருப்பும் அவள் கையில் கெடாது. வெயிலில் காயவைப்பாள், புடைப்பாள், வேப்பிலையும் மிளகாய் வற்றலும் போட்டு மூடிவைப்பாள். முழுத் தானியத்தில் வண்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், முறத்தில் பிடிபடும். பொடிக்கும் மிக்ஸுக்கும் சாஸுக்கும் அந்தப் பழைய சாமர்த்தியம் எதுவும் உதவாது. அவற்றுக்குத் தேதிதான் கண். அதைப் பாக்கெட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறோம்.

எல்லாப் பழையதும் விஷம் என்று சொல்லவில்லை. பெருங்காயம் வாசம் போனால் சாம்பார்தான் சப்பென்று இருக்கும், வேறொன்றும் ஆகாது. ஆனால் பூஞ்சை பிடித்த நிலக்கடலை அப்படியில்லை. அதில் அஃப்ளடாக்ஸின் சேரலாம். அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு, புற்றுநோய்க்கும் காரணமாவது. வீட்டில் வறுப்பதாலும் வேகவைப்பதாலும் முழுதாகப் போகாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். ‘இந்தத் தேதிக்குள் சிறந்தது’ என்ற வாசகத்துக்கு நீங்கள் தரும் விளக்கத்திலேயே, தேதி தாண்டினாலும் தரம்தான் குறையலாம், சாப்பிடப் பாதுகாப்பாகவே இருக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் அதை விருப்பம்போல் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, காலாவதியை மட்டும் கட்டாயமாக்கினீர்கள். விளைவு, நாலு நாளில் கெடும் பொருளுக்கும் பத்து மாதம் நிற்கும் சேமியாவுக்கும் ஒரே மிரட்டல். பயந்தவர்கள் நல்ல பொருளையும் கொட்டுகிறார்கள். பழகியவர்கள் எந்தத் தேதியையும் மதிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2024-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். தரத் தேதிக்கு ஒரே வாசகம், பாதுகாப்புத் தேதிக்கு ஒரே வாசகம், ஆளுக்கொரு வாசகம் கூடாது என்று. அந்தத் தெளிவு இங்கேயும் வேண்டும்.

நீங்கள் சும்மா இருக்கிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2020 அக்டோபர் முதல் ஸ்வீட் கடைகளில் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் ‘இந்தத் தேதிக்குள் சிறந்தது’ என்று தேதி வைக்கச் சொன்னீர்கள். வைத்தார்கள், கடை ட்ரேயில். அரைக் கிலோ அட்டைப்பெட்டியில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும் மைசூர்பாகுக்கு எந்தத் தேதியும் இல்லை. 2023-ல் பார்வையற்றோருக்கு உதவியாகப் பாக்கெட்டில் கியூஆர் கோடு போடச் சொன்னீர்கள். அதுவும் பாக்கெட்டோடு போய்விடும். 2024-ல், ஆன்லைனில் விற்பவர்கள் பொருளைக் கையில் கொடுக்கும்போது ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு முன் 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்றீர்கள். ஆக, வீட்டு வாசல்படி வரைக்கும் வந்துவிட்டீர்கள். அடுக்களைக்குள்ளும் கொஞ்சம் வரலாமே.

உலகத்தில் வீணாகும் உணவில் பாதிக்கு மேல் வீட்டிலிருந்துதான் போகிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை. 2022-ல் வீணான 105 கோடி டன்னில் வீடுகளின் பங்கு 60 சதவீதம். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தோல், கொட்டை எல்லாம் சேர்த்த கணக்குதான் இது, ஊசிப்போன குழம்பும் உண்டு. மறந்துபோன டப்பாவுக்கு அதில் எவ்வளவு பங்கோ, இருக்கிறது என்பது போகிக்குப் போகி தெரிகிறது. அப்புறம் ‘பார்த்து வாங்கக் கூடாதா, பார்த்து வைக்கக் கூடாதா’ என்ற பேச்சு யாருக்கு விழும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பொடி, மாவு, மிக்ஸ், மசாலா பாக்கெட்டுகளில், உரித்து எடுத்து டப்பாவில் ஒட்டும்படி ஒரு சின்ன ஸ்டிக்கர். அதில் பொருளின் பெயர், காலாவதி தேதி, பிரித்த பிறகு எத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான். இப்போதைய விதிப்படி ஆங்கிலம் அல்லது இந்தி போதும், மற்ற மொழிகள் இருந்தால் இருக்கட்டும் என்கிறீர்கள். ஸ்டிக்கரிலாவது விற்கும் மாநிலத்தின் மொழி கட்டாயம் என்று வையுங்கள். வாங்குகிற பாட்டிக்குப் படிக்கத் தெரிந்தது அந்த மொழிதான். மாதத்தையும் ஆண்டையும் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில் அச்சிடச் சொல்லுங்கள். வெட்டும் ஓரத்தில் தேதி அச்சிடக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். எண்ணெய்க் கவரில், ஈரக்கை பட்டால் அழியும் மையும் கூடாது. ஸ்வீட் கடைக்காரர் பில் போடும்போதே பெட்டியில் தேதியை முத்திரை குத்தச் சொல்லுங்கள். தெருமுனை மளிகையில் ஸ்டேப்லர் அடித்த நூறு கிராம் கடுகுக் கவருக்கு என்ன செய்வது என்று கேட்டால், கடைக்காரர் ஒரு பேனாவால் பாக்கெட் போட்ட மாதத்தை எழுதினாலே போதும். அவரிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

ஸ்டிக்கர் என்றதும் செலவு கூடும் என்று கம்பெனிகள் உங்களிடம் வந்து நிற்பார்கள். பிள்ளைகள் தின்னும் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் டாட்டூவும் பொம்மையும் வைத்து விற்றவர்கள்தானே, அதற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. லேபிள் விதிகளைத் திருத்தும்போது வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பீர்கள் அல்லவா, அடுத்த வரைவில் இந்த ஸ்டிக்கரைப் பற்றி ஒரு பத்தி இருக்கட்டும். வேண்டாம் என்பவர்கள் எழுத்தில் காரணம் சொல்லட்டும், படித்துப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓர் இல்லத்தரசி