அது ட்ரெயில் இல்லை, தோட்டத்துப் படி: நெக்கார் பள்ளத்தாக்கின் தமிழ் ரைடர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டுட்கார்ட், எஸ்லிங்கன், லுட்விக்ஸ்பர்க், ஹைல்பிரான் வட்டாரத்தில் வார இறுதி வந்தால் மவுண்டன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் நண்பர்களுக்கு,

வணக்கம். நம் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திராட்சைச் சரிவின் உச்சியில் இருந்து, இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் படிக்கட்டில் மூன்று பேர் வரிசையாகத் தடதடவென்று இறங்குகிறார்கள். ஹெல்மெட்டில் கேமரா, பின்னணியில் குத்துப்பாட்டு, கீழே வளைந்து போகும் நெக்கார் ஆறு. அதற்கடியில் நெருப்பு எமோஜிகளின் ஊர்வலம். ஓட்டியவர்களின் திறமையைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சரிவில் உடம்பைப் பின்னால் தள்ளி, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து இறங்குவதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆனால் அந்தப் படிக்கட்டு ட்ரெயில் இல்லை, அதாவது சைக்கிள் ஓட்டுவதற்கான தடம் இல்லை. ஒரு குடும்பம் திராட்சைக் கூடையை முதுகில் சுமந்து ஏறி இறங்கப் போட்டு வைத்தது. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

பெஸிக்ஹைம், ஹெஸ்ஸிக்ஹைம், முண்டெல்ஸ்ஹைம் பக்கம் போனவர்களுக்கு அந்தச் சரிவுகள் தெரியும். பெஸிக்ஹைமில் என்ஸ் ஆறு நெக்காரில் கலக்கிறது. அங்கிருந்து ஆற்றோடு மேலே போனால் சிப்பிச் சுண்ணாம்புக்கல் பாறைகளை நெக்கார் குடைந்து குடைந்து பெரிய பெரிய வளைவுகளாக வெட்டி வைத்திருக்கிறது. வளைவின் வெயில் பார்த்த பக்கம் முழுக்கத் திராட்சை. ஜெர்மனியில் 30 சதவீதத்துக்கு மேல் சாய்வு இருந்தாலே செங்குத்துச் சரிவு என்று கணக்கு. முண்டெல்ஸ்ஹைமின் கேஸ்பெர்க் போன்ற இடங்களில் நின்று கீழே பார்த்தால், இதில் செடி வைக்கலாம் என்று முதலில் நினைத்தவனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். சுவர் கட்டி, மண் கொட்டி, அதில் ஒன்றிரண்டு வரிசைக் கொடி. அதற்கு மேல் இன்னொரு சுவர். இப்படியே உச்சி வரைக்கும்.

அந்தச் சுவர்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்புச் சாந்து கிடையாது. கல்லின் மேல் கல். முழுச் சுவரும் மலைப் பக்கமாக லேசாகச் சாய்ந்து நிற்கும். முகப்புக் கல்லுக்குப் பின்னால் சல்லியும் உடைகல்லும் போட்டு ஓர் அடுக்கு. மழைத் தண்ணீர் அதன் வழியாக வடிந்து, கல் இடுக்குகளில் கசிந்து வெளியேறிவிடும். உச்சி வரிசையில் கனமான கற்கள். கீழே உள்ள அத்தனையையும் அழுத்திப் பிடித்திருப்பவை அவைதாம். பகலில் வாங்கிய வெயிலைச் சுவர் இரவில் திருப்பிக் கொடுக்கும். ட்ரோலிங்கர் மாதிரித் தாமதமாகப் பழுக்கும் திராட்சை வகை இந்தக் குளிர் ஊரில் பழுப்பதற்கு இந்தச் சூடும் ஒரு காரணம். இடுக்குகளில் பல்லி வகைகள் குடியிருக்கின்றன. அவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

இப்போது வீடியோவுக்கு வருவோம். படிக்கட்டின் திருப்பத்தில் சக்கரம் எங்கே முட்டி நிற்கிறது? உச்சிக் கல்லில். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த கனமான பைக், மேலே எண்பது கிலோ ஆள், இறங்கும் வேகம். கல் ஒரு விரற்கடை நகர்ந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இடைவெளியில் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும், சல்லியில் மண் அடைக்கும், குளிர்காலத்தில் அது பனியாக உறைந்து விரியும். சுவருக்கு வயிறு தள்ளும். ஏதோ ஒரு மார்ச் மாத மழையில் மொத்தமும் சரிந்து கீழ் வரிசைக் கொடிகள் மேல் விழும். இடித்தவன் அதற்குள் வேறு ஊருக்கு வேலை மாறிப் போயிருப்பான். தோட்டக்காரர்தான் கல்லைப் பொறுக்கி எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். அங்கே எந்த இயந்திரமும் ஏறாது. கையால்தான்.

இங்கே வெங்கர்ட்டர் என்று அழைக்கப்படும் இந்தத் திராட்சை விவசாயிகள் இப்போது நல்ல நிலையில் இல்லை. ஒயின் குடிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். டிராக்டர் ஓடும் சமநிலத் தோட்டத்தைவிடச் சுவர்ச் சரிவில் பல மடங்கு ஆள்வேலை. விலை கட்டவில்லை என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். கைவிட்ட சரிவு எப்படி இருக்கும் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம், கொடிகளுக்கு நடுவே பிளாக்பெர்ரி முட்புதர் மண்டிக் கிடக்கும் துண்டுகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஊரில் அடுத்தவர் வரப்பில் புல்லட்டை ஏற்றினால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே அவர் கத்தவில்லை, ஒரு பலகை மட்டும் வைக்கிறார். அதனால் விஷயம் சின்னதாகிவிடாது.

பலகை என்றதும் ஒன்று. குழுவில் அடிக்கடி குழப்பம் வருகிறது. சிவப்பு வளையத்துக்குள் மோட்டார் சைக்கிளும் காரும் வரைந்திருந்தால் சைக்கிளுக்குத் தடையில்லை. சிவப்பு வளையத்துக்குள் வெறும் வெள்ளை என்றால் சைக்கிளும் சேர்த்துத் தடை. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதற்குக் கீழே விவசாய வாகனங்களுக்கு விலக்கு என்று எழுதியிருந்தால், அந்த விலக்கு நமக்கு இல்லை. பலகையே இல்லாத இடத்திலும், திராட்சைத் தோட்டத்துக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று மாநில இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கொடி வரிசைகளுக்கு நடுவே இருக்கும் புல்தரை பாதை ஆகாது.

இனி, பலர் எனக்கு என்ன பதில் சொல்லப்போகிறார்கள் என்று தெரியும். "காட்டுக்குள்ளேயும் விடமாட்டேன் என்கிறார்கள், அப்புறம் எங்கேதான் ஓட்டுவது?" நியாயமான கேள்வி. நம் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்கின் வனச் சட்டத்தில், 1995 முதல், 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. தனியாக அனுமதி பெற்ற தடங்கள் மட்டும் விலக்கு. பக்கத்துப் பவேரியாவில் இந்த மீட்டர் கணக்கு கிடையாது. அது அபத்தமான விதி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஒரே பாதை இங்கே 2.10 இருக்கும், பத்தடி தள்ளி ஒரு மரத்தின் வேரால் 1.80 ஆகும். டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டா ஓட்ட முடியும்? இந்த விதியை எடுக்கச் சொல்லி 2013-ல் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு போனது. விதி அப்படியே நிற்கிறது.

ஆனால் அது ஏன் நிற்கிறது என்று யோசியுங்கள். சைக்கிள்காரர்களைக் கட்டுப்படுத்த முடியாது, வழி விட்டால் எல்லாவற்றிலும் ஏறுவார்கள் என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதம். அதற்குச் சாட்சி தேடி அவர்கள் இனி அலைய வேண்டியதில்லை. பாட்டுப் போட்டு, எடிட் செய்து, நாமே கொடுத்துவிட்டோம். காட்டில் நம் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: அது பெரும்பாலும் பொது நிலம், பாதை எல்லோருக்கும். திராட்சைப் படிக்கட்டில் அந்த நியாயம் ஒரு துளியும் கிடையாது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் காட்டையும் சேர்த்து இழப்போம்.

ஓட்ட இடமா இல்லை? திராட்சைச் சரிவுகளுக்குள் வளைந்து வளைந்து ஏறும் கான்கிரீட் தோட்டச் சாலைகளே போதும் கால் நடுங்க. உண்டர்ட்யூர்க்ஹைமில் இருந்து ரோட்டன்பெர்க் கல்லறை ஆலயம் வரைக்கும் ஒரு தடவை உட்கார்ந்தபடியே மிதித்து ஏறிப் பாருங்கள். வூர்ட்டம்பெர்க் மன்னன் முதலாம் வில்ஹெல்ம் தன் மனைவி கேத்தரீனாவுக்காக 1820-க்கும் 1824-க்கும் இடையில் கட்டியது அது. மேலே போய்ச் சேரும்போது கட்டடக் கலையை ரசிக்க மூச்சு இருக்காது, அது வேறு விஷயம். இறக்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டுட்கார்ட்டின் டேகர்லோக்கில் இருந்து ஹெஸ்லாக் பகுதிக்கு இறங்கும் வுட்பெக்கர் ட்ரெயில் இருக்கிறது. முறையாக அனுமதி வாங்கிப் போட்ட தடம். ஏற மனமில்லையென்றால் மரியன்பிளாட்ஸில் இருந்து பல்சக்கர ரயில், ஊர்க்காரர்கள் சாக்கே என்பார்கள். 1884-ல் ஓடத் தொடங்கியது. சைக்கிளை அதன் முன்னால் இணைத்த தனி வண்டியில் ஏற்றிவிட்டு நாம் உள்ளே உட்காரலாம். ஆற்றோரம் நிதானமாகப் போக நெக்கார் பள்ளத்தாக்குச் சைக்கிள் பாதை இருக்கவே இருக்கிறது.

செப்டம்பர், அக்டோபரில் மட்டும் தோட்டச் சாலைகளிலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக் காலம். ஒல்லி டிராக்டர் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு திருப்பத்தில் வரும், பின்னால் தொட்டி நிறையப் பழம். நாம் இறங்கி ஓரமாக நிற்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது. இந்த ஊர் வணக்கமான "க்ரூஸ் காட்" ஒன்று சொன்னால் பெரும்பாலும் சிரிப்பே திரும்பி வரும். கோடையில் செங்குத்துச் சரிவுகளுக்கு ஹெலிகாப்டரில் மருந்து அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் செல்ஃபி வேண்டாம், திரும்பிப் போங்கள்.

பேசன், அதாவது வெங்கர்ட்டரே தன் வீட்டில் நடத்தும் ஒயின் கடை, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசலில் துடைப்பம் தொங்கினால் வெங்கர்ட்டர் வீட்டில் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆண்டில் சில மாதங்கள்தான், இருக்கைகளும் குறைவு. இறைச்சி வேண்டாதவர்களுக்குச் சீஸ் ஷ்பெட்ஸ்லே (முட்டை சேர்த்த நூடுல்ஸ்) கிடைக்கும். நம் காசு அந்தக் குடும்பத்துக்கு நேராகப் போய்ச் சேரும் இடம் இது, தாராளமாகப் போங்கள். ஆனால் சைக்கிள்தானே என்று இரண்டாவது, மூன்றாவது கிளாஸுக்குப் போகாதீர்கள். இரத்தத்தில் ஆல்கஹால் 1.6 புரொமில் (ஆயிரத்தில் 1.6 பங்கு) தொட்டால் சைக்கிளுக்கும் கிரிமினல் வழக்கு, கார் லைசென்ஸுக்கும் ஆபத்து. தள்ளாடி ஓட்டினாலோ விபத்து நடந்தாலோ 0.3-லேயே சிக்கல் தொடங்கும். விசா புதுப்பிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இதை இன்னும் விளக்க வேண்டாம்.

கடைசியாக என் கோரிக்கைகள். வீடியோ போட்ட தம்பி, அதை எடுத்துவிடுங்கள். அதைவிட முக்கியம், ஸ்ட்ராவா, கோமூட் போன்ற சைக்கிள் வழித்தடச் செயலிகளில் அந்தப் படிக்கட்டைத் தடமாகப் பதிந்து வைத்திருப்பவர்கள் அதை நீக்குங்கள். வீடியோவை நம் ஆட்கள் பார்த்து மறந்துவிடுவார்கள், ஆனால் தடத்தைப் பார்த்து யார் யாரோ வந்துகொண்டே இருப்பார்கள். குழு அட்மின்கள் புதிதாகச் சேருபவர்களுக்கு அனுப்பும் குறிப்பில் ஹெல்மெட்டுக்கு அடுத்த வரியாக இதைச் சேருங்கள்: படியில் இல்லை, சுவரில் இல்லை, கொடி வரிசைக்குள் இல்லை.

இந்தப் பக்கத்து ஊர்களில் சாந்தில்லாச் சுவர் கட்டப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு சுத்தியல், ஒரு நாள் முழுக்க முதுகு வலி. நாலைந்து பேர் வருவதாக இருந்தால் அடுத்த வகுப்புக்கு நானே சேர்த்துப் பதிவு செய்கிறேன். படிக்கட்டில் இறங்கிய மூவருக்கும் முதல் இடம் ஒதுக்கி வைக்கிறேன், கட்டணமும் என்னுடையது. தடித்த கையுறையும், விரல் மேல் கல் விழுந்தாலும் தாங்கும் ஷூவும் மட்டும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு அதே சரிவுகளில் மூச்சு வாங்கும் ஒருவன்