கோணி ஊசியால் தைத்த காலணி

அன்புள்ள எல்லோருக்கும்,

ஊர் திரும்பி ஆறு நாட்களாகின்றன. பெருவில் சோக்கேகிராவ் என்னும் இன்கா இடிபாடுகளைப் பார்க்க நடந்துபோன வழியில், மரம்பாட்டா முகாமில் நான் உடம்பு முடியாமல் விழுந்த கதையை இதற்குள் எல்லோரும் கேட்டுச் சலித்திருப்பீர்கள். என் தம்பி கை, கால் வைத்தும் சொல்லிவிட்டான். ஆகவே அந்தக் கதையை விட்டுவிடுகிறேன்.

தங்களிடம் இருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களை எல்லாம் என் தலைமாட்டில் கொட்டிவிட்டுப் போன பிரெஞ்சுத் தம்பதியர். விடியும்வரை வெந்நீர் வைத்துக்கொண்டே இருந்த முகாம் வீட்டு அம்மாள். ஒரு நிமிடம்கூடக் கண்ணயராத எங்கள் வழிகாட்டி. குஸ்கோ நகரில் என் டிக்கெட்டை மாற்றித் தந்த பெண். இங்கே கோவையில் என் அம்மாவிடம் "மலையில் சிக்னல் இல்லையாம்" என்று இரண்டு நாட்கள் கூசாமல் பொய் சொன்ன தோழிகள். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன். இன்று மனம் முழுக்க வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் மூட்டைகளைச் சுமந்த கோவேறு கழுதைகளை ஓட்டி வந்த இளைஞர் அவர். மூன்று நாட்களில் அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு சொல்: "அலிலாமந்தா." அந்த மலைமக்களின் கெச்சுவா மொழியில் 'மெதுவாக' என்று பொருள். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமையும் தெரியும். கப்புலியோக்கில் ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்தில் தொடங்கி, அபுரிமாக் ஆற்றங்கரையில் 1,500 மீட்டர் உயரத்துக்கு இறங்கி, இறங்கியதை எல்லாம் எதிர்க்கரையில் மறுபடி ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில்தான் என் வலது காலணியின் அடிப்பாகம் முதலை வாய்போலப் பிளந்தது. துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். அன்றிரவு நடந்த கூத்தில் காலணி யாருக்கு நினைவிருக்கும்?

அவருக்கு இருந்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் என் காலைப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். அதற்கடுத்த நாள் காலை கூடாரத்தின் வாயைத் திறந்தால், வெளியே ஜோடியாகக் காலணிகள். சேறு துடைத்திருந்தது. கழுதைமேல் மூட்டை கட்டும் நீல நைலான் கயிற்றைப் புரி பிரித்து, கோணி ஊசியால் சுற்றிவரத் தைத்திருந்தார். விரல் நுனி பக்கம் மட்டும் இரட்டைத் தையல். உள்ளே முடிச்சு உறுத்தக் கூடாது என்று நுனியைத் தீயில் காட்டி அமுக்கிவிட்டிருந்தார். அதைத் தடவிப் பார்த்தபோதுதான் முதல்முறையாக அழுதேன். கீழே எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவர் நான் நடப்பேன் என்று முடிவு செய்து தைத்திருக்கிறார்.

நடந்தேன். ஒன்றரை மணி நேரப் பாதை எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. சோக்கேகிராவ் என்றால் தங்கத் தொட்டில் என்கிறார்கள். குஸ்கோவில் பார்த்த, இழைத்து இழைத்துப் பொருத்திய கற்கள் இங்கே இல்லை. தகடு தகடான கற்களை மண் சாந்து வைத்து அடுக்கிய சுவர்கள். நடுவே புல் வெளி. அன்று காலை அங்கே எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர்கூட இல்லை. படிக்கட்டு வயல்களின் சுவர்களில் வெள்ளைக் கற்களால் லாமாக்களைப் பதித்திருக்கிறார்கள். அதற்காகத்தான் இத்தனை தூரம் போனதே. ஆனால் அந்தச் செங்குத்துப் படிகளில் இறங்கத் தெம்பில்லை. வருத்தமும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்து நீலத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது ஆற்றிலிருந்து மேலே வந்த ஏற்றம் முழுக்கக் கழுதைமேல்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பணம் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. அடிப்பாகத்தின் கட்டி ரப்பரில் அவருடைய ஊசி முறிந்துபோனதை வழிகாட்டி பிறகுதான் சொன்னார். அவரிடம் இருந்தது அந்த ஒரே ஊசி.

நேற்று டவுன்ஹால் பக்கம் போய்க் கோணி ஊசி ஒரு டஜன் வாங்கினேன். கடைக்காரர், "இத்தனை ஊசி எதற்கும்மா, நெல் வியாபாரமா?" என்று கேட்டார். பார்சல் குஸ்கோவில் வழிகாட்டியின் முகவரிக்குப் போகிறது. அடுத்த முறை மலையேறும்போது அவர் கொண்டுபோய்க் கொடுப்பார்.