அந்தச் சமையலறையை யாரும் சோதிக்கவில்லை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டு வா. கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்கமாட்டார்.

இங்கே மழை விட்டபாடில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டதால் பேத்தி வீட்டை இரண்டாக்குகிறாள். அவள் தூங்கும் நேரத்தில் நான் படிப்பது கொலைக் கதைகள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த ஆங்கிலத் தொகுப்பு அது. எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய கதையில் தொடங்கி, ஏறக்குறைய நூறு ஆண்டுக் கதைகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஷெர்லக் ஹோம்ஸ் கதையும் ஒன்று உண்டு. 1892இல் வந்த அந்தப் பாம்புக் கதை உனக்கு நினைவிருக்கும். கல்கத்தாவில் வைத்தியம் பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய மருத்துவர், இந்தியப் பாம்பு ஒன்றைப் பால் வைத்துப் பழக்கி, விசில் ஊதித் திரும்ப அழைப்பார். அப்படி ஒரு பாம்பு இந்தியாவில் கிடையாது. பாம்புக்குப் பால் உணவும் இல்லை. புற்றுக்குப் பால் ஊற்றும் நாம் அதைப் பெரிதாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இருட்டறையில் காத்திருக்கும் அந்த இரண்டு பக்கங்களைப் படித்தபோது கால் கூசியது.

ரோல்ட் டாலின் 1953ஆம் ஆண்டுக் கதையில், உறைந்துபோன ஆட்டுத் தொடையால் கணவனை அடித்துக் கொல்கிறாள் மனைவி. பிறகு அதையே சமைத்து, விசாரிக்க வந்த போலீஸ்காரர்களுக்குப் பரிமாறுகிறாள். கெட்டிக்காரக் கதை. ஆனால் முடிச்சு அவிழ்ந்த பிறகு அதில் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் உனக்குச் சொல்ல வந்தது வேறொரு கதை. சூசன் கிளாஸ்பெல் 1917இல் எழுதியது. படித்ததிலிருந்து மனம் அதைச் சுற்றியே வருகிறது.

அமெரிக்காவில் ஒரு பண்ணை வீடு. இரவில் கயிற்றால் கழுத்து இறுக்கப்பட்டுக் கணவன் செத்துக் கிடக்கிறான். பக்கத்தில் படுத்திருந்த மனைவி மின்னி, தனக்கு எதுவும் தெரியாது என்கிறாள். காவல் அதிகாரியான ஷெரீஃபும் அரசு வழக்கறிஞரும் மாடியிலும் மாட்டுக் கொட்டகையிலும் தடயம் தேடுகிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள், சிறையிலிருக்கும் மின்னிக்குத் துணிமணி எடுத்துக் கொடுப்பதற்காகச் சமையலறையில் இருக்கிறார்கள். குளிரில் வெடித்துப்போன பழ ஜாடிகள், பாதி துடைத்து விட்ட மேசை, பாதியில் நின்ற ஒட்டுத்துணிப் போர்வை. இங்கே வெறும் சமையலறைச் சாமான்கள்தான் என்று சொல்லிவிட்டு ஆண்கள் போய்விடுகிறார்கள்.

போர்வையின் தையல் சீராக வந்துகொண்டே இருந்து, ஓர் இடத்தில் மட்டும் தாறுமாறாகிறது. பிறகு தையல் பெட்டிக்குள், பட்டுத் துணியில் சுற்றிய கேனரிப் பறவை. அதன் கழுத்து திருகப்பட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு பாடிக்கொண்டிருந்தவள் மின்னி. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே குரல் அந்தப் பறவை. பறவையின் கழுத்தைத் திருகியது கணவன்தான் என்பதும், கொலை ஏன் கயிற்றால் நடந்தது என்பதும் அந்தப் பெண்களுக்குப் புரிந்துவிடுகின்றன. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

கிளாஸ்பெல் இதைக் கற்பனையில் மட்டும் எடுக்கவில்லை. 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் ஜான் ஹாசக் என்ற விவசாயி தூக்கத்தில் கோடரியால் வெட்டப்பட்டார். மனைவி மார்கரெட் கைதானார். அந்த வழக்கைப் பத்திரிகைக்கு எழுதியவர் இருபத்து நான்கு வயது நிருபரான இதே கிளாஸ்பெல். ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி 1901இல் மார்கரெட்டைக் குற்றவாளி என்றது. மேல்நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. இரண்டாவது விசாரணையில் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வராததால் அவர் விடுதலையானார். இத்தனை ஆண்டு கழித்துக் கதையாக்கும்போது கோடரியைக் கயிறாக மாற்றியிருக்கிறார். பறவையின் கழுத்தும் கணவனின் கழுத்தும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. எழுத்தாளரின் பெருமை எனக்கு அந்த மாற்றத்தில்தான் தெரிகிறது.

என்னைத் தூங்கவிடாதது ஓர் இடம். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, பக்கத்துப் பண்ணைக்காரியான மார்த்தா. இருபது வருடமாக மின்னியை எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று அவள் உடைந்துபோகிறாள். அதுவும் குற்றம்தானே, அதற்கு யார் தண்டிப்பது என்று கேட்கிறாள். துப்பறியும் கதையில் இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. கொலையாளி யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் அதன் பிறகுதான் கதை கனக்கிறது.

நீ நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்தவள். தாறுமாறான தையலைப் பிரித்து மார்த்தா சரியாகத் தைத்துவிடுகிறாள்; கடைசியில் பறவை இருந்த பெட்டியையும் தன் கோட்டுப் பைக்குள் மறைக்கிறாள். கூட இருப்பவளோ ஷெரீஃபின் மனைவி. பழைய தண்டனைச் சட்டத்தின் 201ஆவது பிரிவு, சாட்சியத்தை மறைத்த குற்றம் என்று நீ உடனே சொல்வாய். எனக்கோ அவர்கள் செய்தது சரி என்றே படுகிறது. கொன்றது சரி என்று சொல்லவில்லை. அந்தப் பெட்டியை அந்த ஆண்களிடம் கொடுத்திருந்தால் அதில் கொலைக்கான காரணத்தை மட்டும் பார்த்திருப்பார்கள், மின்னியின் வாழ்க்கையை அல்ல. நீ ஒப்புக்கொள்ளமாட்டாய் என்று தெரியும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

அடுத்த வாரம் தம்பி உங்கள் ஊருக்கு வருகிறான், புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கிளாஸ்பெல் கதை தொடங்கும் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். முதலில் அந்தக் கதையைப் படி. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு, அவர் என்ன சொல்கிறார் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தோழி