உள்ளே விட்ட ஒரு இஞ்ச்

மயிலாடுதுறை
21-12-2025

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று, மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டியாயிற்று, அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோல ஒரு வரி போட்டிருக்கிறாய்: முகூர்த்த ஜாக்கெட்டுக்குள் போவதற்காகச் சின்னவள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள் என்று. அதைப் படித்ததிலிருந்து மண்டபமும் பத்திரிகையும் என் மனதில் நிற்கவே இல்லை. அதற்கு வருகிறேன். ஆனால் பழைய மாதிரி ஃபேஷன் நியூஸ் எழுதச் சொல்லியும் கேட்டிருக்கிறாயே, அதனால் முதலில் ஊர்வம்பு.

வோக் அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி, சட்டியைக் கவிழ்த்து வெட்டியதுபோல முடி, அன்னா வின்டூரேதான். 1988-இல் அமெரிக்க வோக் பத்திரிகைக்கு ஆசிரியராக வந்தவர், 37 வருஷம் கழித்து இந்த ஜூனில் அந்தப் பொறுப்பை விட்டார். விட்டார் என்று பேர்தான். உலகம் முழுக்க வரும் வோக் பதிப்புகளுக்கெல்லாம் மேலே இன்னமும் அவரேதான் இருக்கிறார். அடுப்படியை மருமகளிடம் கொடுத்துவிட்டுச் சாவிக்கொத்தை மட்டும் இடுப்பிலேயே செருகி வைத்திருக்கும் மாமியார் மாதிரி. அடுப்படிக்கு வந்திருப்பவர் க்ளோயி மால், நடிகை கேன்டிஸ் பெர்கனின் மகள். பாவம், எந்தப் பாத்திரத்தை எங்கே வைத்தாலும் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்கும்.

வின்டூரைப் பற்றி எல்லோரும் என்னென்னவோ எழுதினார்கள். தையல்காரியான எனக்குப் பிடித்தது அவருடைய முதல் அட்டைப்படத்தின் கதைதான். 1988 நவம்பர் இதழ். அதுவரை அட்டையில் முகம் மட்டும் பெரிதாக வரும், மேக்கப்பும் கம்மலும் பளபளக்கும். இவர் போட்ட படத்தில் மிக்கேலா பெர்கு என்ற மாடல் தெருவில் கண்ணைப் பாதி மூடிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மேலே கிறிஸ்டியன் லாக்ருவா செய்த, கல் பதித்த சிலுவை போட்ட ஜாக்கெட். நம் ஜாக்கெட் இல்லை, கோட்டு. அதன் விலை 10,000 டாலர். கீழே வெளுத்துப்போன 50 டாலர் ஜீன்ஸ், நடுவே கொஞ்சம் வயிறு தெரிகிறது. அச்சகத்திலிருந்து ஃபோன் செய்து, தவறிப்போய் வேறு படம் வந்துவிட்டதா என்று கேட்டார்களாம்.

உலகமே அதைப் புரட்சி என்றது. நடந்தது என்ன தெரியுமா? அந்தக் கோட்டுக்கு ஜோடியாக ஒரு பாவாடையும் இருந்தது. லீவில் அந்தப் பெண் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், பாவாடை ஏறவில்லை. கையில் இருந்த ஜீன்ஸை மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். வின்டூரே பின்னால் இதைச் சொல்லியிருக்கிறார். இடுப்பு பத்தாத ஒரு பாவாடையால் வந்த அட்டை.

இதற்கு நேர் எதிராக 2022 மே மாதம் ஒன்று நடந்தது, உனக்கு நினைவிருக்கும். நியூயார்க்கில் நடக்கும் மெட் காலா ஃபேஷன் விருந்துக்கு அமெரிக்க டிவி நட்சத்திரம் கிம் கர்தாஷியன், மர்லின் மன்றோவின் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாளே, அது. 1962-இல் கென்னடிக்கு மர்லின் பிறந்தநாள் பாட்டுப் பாடியபோது போட்டது. உடம்போடு ஒட்டவேண்டும் என்பதற்காக அவள் மேலேயே வைத்துத் தைத்தார்கள் என்பார்கள். தோல் நிறத்தில் காற்று மாதிரி பட்டு, அதில் கல் ஒட்டியிருக்கும். 2016-இல் ரிப்ளீஸ் மியூசியத்தார் 48 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்து வைத்திருந்தார்கள். மியூசியத்துப் பொருளைப் பிரித்துத் தைக்க முடியுமா? முடியாது. அதனால் மூன்று வாரத்தில் ஏழு கிலோ குறைத்தாள் கிம். அப்படியும் பின்பக்கம் மூடவில்லை. வெள்ளை ரோமத் துணியைப் போர்த்தி அதை மறைத்துக்கொண்டு, படி ஏறி, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, உள்ளே போனதும் நகல் கவுனுக்கு மாறிவிட்டாள். சில நிமிஷக் கூத்து. அந்தக் கல்லெல்லாம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்கு வயிறு கலங்கியது. ஒரு கல் வேலை ஜாக்கெட்டை அயர்ன் பண்ணுவதற்கே நான் மூன்று துணி போர்த்துகிறேன்.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று இதற்குள் புரிந்திருக்கும். சின்னவள் போட வேண்டியது மியூசியத்துத் துணி இல்லை மல்லிகா. அது வெறும் ஜாக்கெட். அதைப் பிரிக்கலாம்.

ஆவணியில் அளவெடுத்தபோதே, "கல்யாணத்துக்குள் எல்லாப் பெண்களும் இளைச்சிடுவாங்க" என்று சொல்லி அந்தக் கடையில் ஒரு சுற்றுக் குறைத்துத் தைத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கடை என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் நேரில் போய்ச் சண்டை போடத் தோன்றும். நம் தையல் டீச்சர் இருந்திருந்தால் அவர்கள் கையில் ஸ்கேலால் ஒன்று வைத்திருப்பார். "உள்ளே ஒரு இஞ்ச் விடு, நாளைக்கு அவளுக்குப் பிள்ளை பிறக்கும்" என்று எத்தனை தடவை கத்தியிருப்பார் நம்மிடம்! இப்போது ஓவர்லாக் மெஷினில் விட்டால் உள்ளே இருக்கும் துணியை அதுவே வெட்டித் தள்ளிவிடுகிறது. உள்பக்கம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பிரிப்பதற்குத்தான் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பக்கத்துத் தையலைப் பார். துணி இருந்தால் கவலையே இல்லை. இல்லாவிட்டாலும் கெட்டுப்போகவில்லை, கையிலிருந்து இடுப்பு வரை ஒரே கோடாகப் பிரித்துவிட்டு, அக்குளுக்குக் கீழே ஒரு பட்டை வைத்து ஒட்டுக் கொடுத்துவிடலாம். ஆரி வேலை எல்லாம் கையிலும் முதுகிலும்தானே இருக்கிறது, அதில் ஊசி படாது. சேலையோடு வந்த பிட்டில் மீதி இருந்தால் அதையும் அனுப்பு. அவளுக்குச் சரியாக இருக்கிற ஒரு அளவு ஜாக்கெட்டும் வேண்டும். டேப் வைத்து அவளே அளந்து எழுதி அனுப்ப வேண்டாம், இந்த நேரத்தில் அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அளப்பாள்.

பெரிதாக உபதேசம் பண்ணுகிறாளே என்று நினைக்காதே. நானும் போன மாதம் மாட்டிக்கொண்டேன். ஒரு டீச்சரம்மா, சந்தன நிறப் பட்டு ஜாக்கெட் பிட். அவசரம் என்றார்கள். அரக்குக் கலர் லைனிங்கை ஊறப்போடாமல் அப்படியே வைத்துத் தைத்துவிட்டேன். முதல் வேர்வைக்கே அக்குளில் குங்குமம் கொட்டியதுபோலச் சாயம் ஏறிவிட்டது. முப்பது வருஷத் தையல்காரி, ஊறப்போட மறக்கலாமா? அவர்கள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன், கூலியும் வாங்கவில்லை.

அவர்களைச் சமாதானம் செய்ய எனக்குத் தெரிந்த மெட்ராஸ் துணிக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். உனக்கும் சொல்லியிருக்கிறேனோ? 1958-இல் ஜேகப்சன் என்ற அமெரிக்க வியாபாரி இங்கே வந்து, கிருஷ்ணன் நாயரிடம் கட்டம் போட்ட கைத்தறித் துணியை மொத்தமாக வாங்கிப் போனார். பின்னால் லீலா ஹோட்டல்களைக் கட்டினாரே, அதே நாயர்தான். இலை, வேர் சாயம், பச்சைத் தண்ணீரில் பூப்போல அலச வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தப் பேச்சு நடுவழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் கோட்டு, கால்சட்டையாக வாங்கியவர்கள் மெஷினில் போட்டார்கள், கட்டமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து வழிந்தது. வழக்குப் போடும் அளவுக்குக் கோபம். அப்புறம் விளம்பரக்காரர்கள் புகுந்து, ஒவ்வொரு சலவைக்கும் புது நிறம் தரும் அதிசயத் துணி இது, சாயம் போனால்தான் அசல் என்று கதையைத் திருப்பிவிட்டார்கள். கல்லூரிப் பையன்கள் தேடித் தேடி வாங்கினார்களாம்.

டீச்சரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படியா, அமெரிக்காவுக்கே அனுப்பிடுங்க இதை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சரி, அடுத்து ஒரு பை கதை. ஜூலையில் பாரிஸில் சோத்பிஸ் ஏலத்தில் ஒரு பழைய கறுப்புத் தோல்பை 86 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் பணத்தில் 86 கோடி! என் கடைப்பெண் ஃபோனில் காட்டியபோது ஸ்கிரீனில் கீறல் என்று நினைத்துத் துடைத்தேன். கீறல் பையில்தான் இருந்தது. ஜேன் பிர்கின் என்ற நடிகைக்காக எர்மேஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி முதன்முதலில் செய்த பை அது. 80-களில் விமானத்தில் அவளுடைய கூடையிலிருந்து சாமானெல்லாம் கொட்ட, பக்கத்தில் எர்மேஸ் முதலாளி ஜான்-லூயி துமா உட்கார்ந்திருக்க, பிள்ளைக்காரிக்கு ஏற்ற பை ஒன்றுகூட உங்களிடம் இல்லையே என்று அவள் சொல்லப்போய், அங்கேயே வரைந்து பார்த்திருக்கிறார்கள்.

இன்றைக்குப் பிர்கின் பை வைத்திருக்கிற பெண்கள் அதைத் தனி நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். ஜேன் அப்படி இல்லை. கழுத்து வரை அடைப்பாள், ஸ்டிக்கர் ஒட்டுவாள். நகவெட்டியைப் பையிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தாள், பைக்குள் தேட வேண்டாம் என்று. ஸ்டிக்கர் ஒட்டிய கறைகூட ஏலத்துக்கு வந்தபோது அப்படியே இருந்தது, நகவெட்டியும் கூடவே போனது. 1994-லேயே எய்ட்ஸ் நிதிக்காக அவள் அதைக் கொடுத்துவிட்டாள். 2023-இல் போய்ச் சேர்ந்தும் விட்டாள். புத்தம்புதுப் பைக்குக் கிடைக்காத விலை அந்தக் கறைக்குக் கிடைத்திருக்கிறது. என் பர்ஸிலும் சாக்பீஸ் கறை இருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாக. இத்தாலி ஃபேஷன் கம்பெனி பிராடாக்காரர்கள் ஜூனில் மிலானில் கோலாப்பூர்ச் செருப்பை அப்படியே மேடையேற்றி, வெறும் 'தோல் செருப்பு' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்களே, இப்போது மகாராஷ்டிரா, கர்நாடகா அரசு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கைவினைஞர்களை வைத்தே 2,000 ஜோடி செய்து, ஜோடி 800 யூரோவுக்கு விற்பார்களாம். திட்டு வாங்கியபிறகாவது பேர் சொன்னார்களே. பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனி ஷனெல் இந்த மாதம் நியூயார்க்கில் மூடிக்கிடந்த சுரங்க ரயில் பிளாட்பாரத்தில் ஷோ நடத்தியது. முதலில் நடந்து வந்தது நம் ஹைதராபாத் பெண் பவிதா மண்டவா. அங்கே படிக்கப் போனவளை ரயில் நிலையத்தில் பார்த்துத்தான் மாடலிங்குக்கு அழைத்தார்களாம். ஸ்வெட்டரும் ஜீன்ஸும் போட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டவள் மாதிரி நடந்தாள். நன்றாக இருந்தது.

உங்கள் திருப்பூர் நிலவரம் பற்றித்தான் நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஆர்டர் குறைந்துவிட்டது என்று பேப்பரில் படிக்கிறேன். செக்கிங் செக்ஷனில் உன்னோடு இருந்த பெண்களுக்கெல்லாம் வேலை இருக்கிறதா? கல்யாணச் செலவு நேரத்தில் உனக்கு எப்படி? மறைக்காமல் எழுது.

நாம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய இங்கிலீஷ் பத்திரிகைகளிலிருந்து டயானா படம் வெட்டி ஒட்டிய நோட்டு போன வாரம் பரணில் கிடைத்தது. 1994 ஜூன் 29 கறுப்பு உடைப் படம்தான் நடுப்பக்கத்தில் இருக்கிறது. தோள் தெரியும் பட்டு, முட்டிக்கு மேலே நிற்கும் ஓரம். கீழே உன் கையெழுத்தில் "அளவு: 36?" என்று எழுதியிருக்கிறாய், கேள்விக்குறியோடு. சார்லஸ் டிவியில் இன்னொருத்தி விஷயத்தை ஒப்புக்கொண்ட அதே ராத்திரி அவள் அதைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போய் நின்றாள் என்பது நமக்குத் தெரியும். தெரியாத ஒன்றை இப்போதுதான் படித்தேன். அன்றைக்கு அவள் போடுவதாக இருந்தது வாலன்டினோ உடை. அவள் எங்கள் உடையில் வருகிறாள் என்று அந்தக் கம்பெனி முன்கூட்டியே பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட, அவளுக்குக் கோபம். கிறிஸ்டினா ஸ்டாம்போலியன் தைத்துக் கொடுத்து, இது ரொம்ப அதிகம் என்று பயந்து மூன்று வருஷமாகப் போடாமல் அலமாரியில் வைத்திருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அதைப் படித்ததும் எனக்கு உன் மாம்பழக் கலர் ஜாக்கெட்தான் ஞாபகம் வந்தது. உன் கல்யாணத்துக்கு நான் தைத்தது. முதுகு இறக்கம், நாடா, குஞ்சம். உன் மாமியார் ஒரு பார்வை பார்த்தார்கள், மடித்து வைத்தாய். அவர்கள் போய்ச் சேர்ந்தே பத்து வருஷம் ஆகிறது. நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். சின்னவள் ஜாக்கெட்டை அனுப்பும்போது அதையும் அதே பார்சலில் வை. பக்கத்துத் தையலில் உள்ளே ஒரு இஞ்ச் இல்லை, உன் உடல்வாகு தெரிந்து ஒன்றரை விட்டிருக்கிறேன். ரிசப்ஷனுக்கு முந்தின நாளே நான் வந்துவிடுவேன், மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஜெயா